பதிவேட்டில் ஏறாத பேட்டரி

சார்ஜ் ஏறவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் கீபோர்டு அக்கா மூன்று கேள்வி கேட்பாள். ப்ளக்கில் கரண்ட் வருகிறதா? சார்ஜர் இதே லேப்டாப்போடு வந்ததுதானா? எங்கேயாவது கீழே போட்டீர்களா? மூன்றாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னவர்கள் பதினான்கு வருடத்தில் நாலு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களின் லேப்டாப் எல்லாம் மேசை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தானாக மூலை நசுங்கியவை. அக்கா அதையும் எழுதிக்கொள்வாள்.

கடை அவள் வீட்டுக்காரருடையது. வீடு மாடியில், கடை கீழே. தெரு முழுக்க அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். மூச்சு நின்ற லேப்டாப்பைக்கூட எழுப்பி உட்காரவைத்துவிடுவார் என்று பேர். அந்தப் பேரில் பொய் இல்லை, மனுஷனுக்கு அப்படி ஒரு கைராசி. கடையின் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவருடைய மேசை, ஈயம் பற்றவைக்கும் புகை, பூதக்கண்ணாடி விளக்கு. இந்தப் பக்கம் அவள், ஒரு தடித்த பதிவேடு, ரசீதாகக் கிழித்துக் கொடுக்க ஒரு கட்டு மஞ்சள் சீட்டு. ஸ்க்ரூடிரைவர் அவருக்கு, பேனா இவளுக்கு. அப்படித்தான் பிரிந்திருந்தது, யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை.

கவுன்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'எழுதாமல் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றுவதில்லை.' அதற்கு ஒரு காரணம் உண்டு. கடை திறந்த இரண்டாவது வருடம் ஒரு வாடிக்கையாளர், நல்ல மெமரியை உருவிக்கொண்டு மட்டமானதைச் சொருகிவிட்டார் என்று டாக்டர் மேல் அபாண்டமாகப் பழி போட்டு, தெருவைக் கூட்டிவிட்டுப் போனார். டாக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மறுநாளே பதிவேடு வந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு எண், வருடம் பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த எண்ணை டாக்டர் உள்ளே திறந்ததும் பேட்டரி மேல் வெள்ளி நிறப் பேனாவால் எழுதிவிடுவார். யாருடையது எங்கே போனது என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அவர் மேல் ஒருவரும் ஒரு விரலை நீட்டியதில்லை.

அவளுக்குக் கீபோர்டு அக்கா என்று பேர் வந்ததும் இந்தக் கவுன்டரில்தான். பழுது பார்த்து முடித்த லேப்டாப்பின் கீபோர்டைத் தட்டிச் சரிபார்ப்பது அவள் வேலை. முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அது சலித்துப்போய், செய்தித்தாளைப் பார்த்து அடித்தாள். அதுவும் சலித்தது. ரேடியோவில் செய்தி ஓடும்போது கூடவே அடிக்க ஆரம்பித்தாள். கல் மாதிரி அழுந்தும் கீபோர்டு, தொட்டாலே இரண்டு எழுத்து விழும் கீபோர்டு, தண்ணீர் குடித்துச் செத்துப் பிழைத்த கீபோர்டு, எல்லாம் அவள் விரலுக்கு அடியில் வந்து போயின. ஒருநாள் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்ன நொடியில் அவளும் கடைசி முற்றுப்புள்ளியை வைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்தான் யார்?

நகர மன்றத்தில் மூன்று பேர் தேவை என்று விளம்பரம் வந்தது. கூட்டத்தில் உறுப்பினர்கள் பேசப் பேச அப்படியே தட்டச்சு செய்யும் வேலை. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்து நான்கரை. இதை விட்டால் இன்னொன்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தை மகள்தான் அனுப்பினாள். தேர்வுக்கு அழைத்துக் கடிதம் வந்தது. சொந்த லேப்டாப்போடு வர வேண்டும். தேர்வு மென்பொருளை எந்த லேப்டாப்பில் பதிந்தீர்களோ அதுதான் செல்லும், கடைசி நேரத்தில் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கூடத்தில் ப்ளக் வசதி கிடையாது. இரண்டு மணி நேரமும் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

அவளுடைய லேப்டாப் மூன்று வாரமாக ஒழுங்காகச் சார்ஜ் ஏறாமல் கிடந்தது.

வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஒரே மாடலில் மூன்று வாங்கினார் டாக்டர். ஒன்றைப் பக்கத்துக் கட்டிட வக்கீலுக்கு விற்றார், ஒன்றைத் தன் மேசைக்கு வைத்துக்கொண்டார், ஒன்றை இவளிடம் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒருநாள் வயரைப் பிடுங்கினால் இருபது நிமிடம்தான் நின்றது. அப்புறம் பத்து நிமிடம். போன வாரத்திலிருந்து வயரைத் தொட்டாலே அணைந்தது. 'ப்ளக்கில் உள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்று திரையின் மூலையில் ஒரு வரி, எந்நேரமும்.

அவள் டாக்டரிடம் சொன்னாள். முதல் நாள், "வேற ப்ளக்குல குத்திப் பாரு" என்றார். இரண்டாம் நாள், "அப்டேட் போட்டியா?" என்றார். மூன்றாம் நாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எந்நேரமும் சார்ஜுலயே போட்டு வச்சா பேட்டரி என்னத்துக்கு ஆகும்? மெஷினை வச்சுக்கத் தெரியணும்" என்றார். அன்றைக்கு அவள் தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடிதத்தைக் காட்டியபோது, "இன்னைக்குப் பார்த்துடறேன்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "மஞ்சச் சீட்டு போட்டு வரிசையில நில்லும்மா. அப்பதான் அப்பா பார்ப்பாரு." அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துத் தொலைத்தாள்.

தேர்வு நாள் வந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்குள் கூடத்தில் இருக்க வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் லேப்டாப் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு லேப்டாப் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னைக்குத்தான் தேர்வு."

"தெரியும்மா. பத்து மணிக்கு வந்துடுவேன். அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை மூன்று வாரமாக நடக்கவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கடையைத் திறந்து, தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வருகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளைத் தன்னிடமே கேட்டாள். ப்ளக்கில் கரண்ட் இருந்தது. சார்ஜர் அதே சார்ஜர்தான். மீட்டரை வைத்துப் பார்த்தாள், பத்தொன்பதரை வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே போடவில்லை, சத்தியமாக. சார்ஜர் பின் நுழையும் துளையைத் துலக்கினாள். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முப்பது வரை எண்ணி அழுத்திப் பிடித்தாள். மறுபடி வயரைச் சொருகினாள். அதே வரி.

கடைசியில் பேட்டரியின் ஜாதகத்தை எடுத்தாள். டாக்டர் செய்வதைத் தடுப்புக்கு மேலாக நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு கட்டளையைத் தட்டினால் பேட்டரி எவ்வளவு தாங்கும், இதுவரை எத்தனை முறை முழுதாகத் தீர்ந்து ஏறியிருக்கிறது என்று லேப்டாப்பே பட்டியல் போட்டுக் காட்டிவிடும். தட்டினாள். ஆயிரத்து நூற்று எண்பத்தேழு முறை என்றது.

அவள் எண்ணைத் திரும்பப் படித்தாள். ஒன்றரை வருட லேப்டாப். அதுவும் கவுன்டரில் வயரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரிக் கிடந்தது. எப்படிப் பார்த்தாலும் நூறைத் தாண்டக்கூடாது. தினமும் இரண்டு முறை வெளியில் வைத்துக் கறக்கிற ஆளின் பேட்டரிதான் இப்படித் தேயும்.

லேப்டாப்பைக் குப்புறப் போட்டாள். அடியில் பதினோரு ஸ்க்ரூ. இரண்டு நீளம், ஒன்பது குட்டை. நீளமானவை கீல் பக்கம் இருக்க வேண்டும். ஒன்று இடம் மாறி முன்பக்கம் இருந்தது. கம்பெனி அப்படி மாட்டி அனுப்பாது. யாரோ திறந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியை நெம்பித் தூக்கினாள்.

உள்ளே இருந்த பேட்டரி நடுவில் உப்பியிருந்தது. அதன் நெற்றியில் வெள்ளி நிறப் பேனாவில், டாக்டரின் சாய்ந்த கையெழுத்தில், முந்நூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருந்தது.

பதிவேட்டைப் புரட்டினாள். முந்நூற்றுப் பதினெட்டு, வக்கீல். குறை: சார்ஜ் ஏறவில்லை. செய்த வேலை: அசல் பேட்டரி மாற்றப்பட்டது. எழுதியவள் அவளேதான். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் சொன்னார், இவள் அழகாக எழுதினாள், கோடு போட்டுச் சீட்டும் கிழித்துக் கொடுத்தாள். அசல் பேட்டரி ஸ்டாக்கில் இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து வக்கீல் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றது ஞாபகம் வந்தது. "அக்கா, மூணு மணி நேரம் அசையாம நின்னுச்சு! டாக்டர் கைக்கு மோதிரம் போடணும்." அப்போது அவள் வயரைச் சொருகி, இருபது நிமிடத்தில் அணைந்துபோன தன் லேப்டாப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். வக்கீலோடு சேர்ந்து பெருமைப்பட்டாள் வேறு.

டாக்டர் பத்தேகாலுக்கு வந்தார். தன் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பதையும், முன்னால் லேப்டாப் வயிறு திறந்து கிடப்பதையும் பார்த்தார்.

"ஏய், நீ ஏன் இதைக் கழட்டினே? மரை கிரை கழண்டுட்டா..."

"எனக்குக் கழண்டு மூணு வாரம் ஆச்சு. இது என்ன நம்பர்? படிங்க."

குனிந்து பார்த்தார். நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அடடா. அன்னைக்கு வக்கீலுக்குக் கோர்ட்டுல அவசரம்மா. கையில ஸ்டாக் இல்ல. ரெண்டு நாளைக்குத்தானேன்னு உன்னோடதை எடுத்து மாட்டிவிட்டேன். புதுசு வந்ததும் உனக்குப் போடலாம்னு... சுத்தமா மறந்தே போச்சு."

"தினமும் கேட்டேனே. சார்ஜ் ஏறல, ஏறலன்னு உங்க காதுக்கிட்ட வந்து கத்தினேனே. அப்பக்கூடவா ஞாபகம் வரல?"

"தலைக்கு மேல வேலை. உனக்குத் தெரியாததா?"

பூசி மெழுகவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது, அதனால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடினான் என்றால் திட்டலாம். எடுத்தது ஞாபகத்தில்கூட நிற்காத அளவுக்கு அவளுடைய பொருள் அவருக்குத் தன் சட்டைப்பை மாதிரி. வக்கீலின் பேட்டரிக்கு எண் போட்டார், ஒரு வாடிக்கையாளரின் கழன்றுபோன ரப்பர் காலுக்குக்கூடச் சீட்டு போடுகிறார். மாடியில் கூடவே படுத்து எழுகிறவளின் லேப்டாப்பைத் திறந்தபோது மட்டும் பேனாவைத் தேடவில்லை. மெமரியை மாற்றிவிட்டான் என்று யாரோ சொன்னதற்கு ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்து அழுத மனுஷன்தான் இவர். அவருக்குத் தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்திருக்கிறது அன்றைக்கு. இவளுக்கு வந்தால் அது வெறும் மறதி.

"சரி. அன்னைக்கு உங்க லேப்டாப்புல இருந்து எடுத்திருக்கலாமே. அதுவும் இதே மாடல்தானே?"

யோசிக்கவே இல்லை அவர். பதில் பட்டென்று வந்தது.

"அதுல எப்படி எடுக்கிறது? அது வேலை செய்யுற லேப்டாப்பு."

சொன்னது என்னவென்று அவருக்கே அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. "அப்படிச் சொல்லல" என்று ஆரம்பித்தார். அவள் அதற்குள் கையை நீட்டி அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்திருந்தாள்.

"என்ன ஓடுது இதுல?"

"ஒருத்தர் ஃபைலெல்லாம் காப்பி ஆகுது. ரெண்டு மணி நேரமா ஓடுது. தொடாதே."

"அவரு டிஸ்க் பத்திரமா இருக்குல்ல? மறுபடி போட்டா மறுபடி ஓடும். நிறுத்துங்க."

"இங்க பாரும்மா, சாயங்காலத்துக்குள்ள நான் அவருக்கு..."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

பதினான்கு வருடத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. நிறுத்தினார். அவள் திருப்பிப்போட்டாள். பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றி, நீளம் தனி, குட்டை தனி என்று அடுக்கினாள். பேட்டரியை எடுத்துத் தன்னுடையதில் பொருத்தி, கனெக்டரை அழுத்தினாள். முந்நூற்றுப் பதினெட்டாம் எண் உப்பலைக் கையில் எடுத்தபோது டாக்டர், "அதை என்னோடதுல மாட்டிடாதே, வீங்கியிருக்கு, ஆபத்து" என்றார்.

"மூணு வாரமா என் மடியில இருந்துச்சே, அப்ப?"

அவள் அதை மாட்டவில்லை, கழித்த பேட்டரிகளைப் போடும் மணல் டப்பாவில் போட்டாள். அவருடைய லேப்டாப்பைப் பேட்டரி இல்லாமலே மூடி முறுக்கினாள். இனி அதுதான் வயரில் உயிர் வாழ வேண்டும்.

பிறகு தடுப்பைத் தாண்டிக் கவுன்டருக்கு வந்து பதிவேட்டைத் திறந்தாள். அடுத்த எண் முந்நூற்று அறுபத்து மூன்று. பொருள்: பேட்டரி. உரிமையாளர்: கீபோர்டு அக்கா. குறை என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தி வைத்தாள். 'வாடிக்கையாளர் இல்லை என்பதால் எழுதாமல் கழற்றப்பட்டது' என்று எழுதினாள். மஞ்சள் சீட்டைக் கிழித்து அவர் கையில் திணித்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பையில் போடுமுன் பார்த்தபோது திரையின் மூலையில் சார்ஜ் தொண்ணூற்று நாலு சதவீதம் என்று இருந்தது.

கூடத்தில் எண்பது பேர். பாதிப் பேருக்கு அவள் மகள் வயது. அவள் எண் நாற்பத்தேழு. ஒரு மன்றக் கூட்டத்தின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். சாக்கடை யார் பொறுப்பு என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டார்கள். ஒருவர், தான் சொல்லவே இல்லை என்றார். ஒருவர், சொன்னதை மறந்துவிட்டேன் என்றார். அந்த இடத்தில் அவள் விரல் கீபோர்டை ஒரு குத்து குத்தியது, பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். மற்றபடி ஒரு வார்த்தை விடவில்லை. கோபத்தை எல்லாம் விரலுக்குத் தள்ளினாள், அது வேகமாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முன் வரிசையில் இரண்டு லேப்டாப் அணைந்து இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மணி அடித்தபோது அவளுக்கு இன்னும் நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ் மிச்சம் இருந்தது.

நாலரைக்குக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்று எண்கள். இரண்டாவது, நாற்பத்தேழு. அவள் தாளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாதிதான் அது. மூன்று வாரம், ஒரு பேட்டரி, ஒரு வார்த்தை, இதில் ஏதாவது ஒன்று கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து, மெஷினை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். மிச்சப் பாதி அந்த ஆத்திரம்.

கடைக்கு வந்தபோது டாக்டர் கவுன்டருக்கு இந்தப் பக்கம், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதியம் யாரோ காலால் வயரைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். அவர் லேப்டாப் அப்படியே அணைந்து, காப்பி மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு எழுதத் தெரியாமல் மூன்று சீட்டைக் கெடுத்து வைத்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"கிடைச்சிடுச்சு. ஒண்ணாந்தேதி சேரணும்."

டாக்டர் எழுந்தார். முகத்தில் ஏதோ வந்து போனது. நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று அவள் ஒரு நொடி காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள்.

"அப்போ கடையை யாரு பார்த்துக்கிறது?" என்றார்.

அவள் பையைக் கவுன்டரில் வைத்தாள். லேப்டாப்பை வெளியே எடுக்கவில்லை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும், சட்டைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து மெதுவாக அவள் முன்னால் தள்ளினார்.

"சரி விடு. என் பேட்டரியை எப்போ தருவே? அதில்லாம மேசையில ஒரு வேலையும் ஓடல."

அவள் சீட்டை வாங்கி, எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். எதிரில் நிற்கும் யாரிடமும் பேசும் அதே மரியாதையான குரலில், பதினான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதிலைச் சொன்னாள்.

"பார்ட்ஸ் வரணுங்க. வந்ததும் நாங்களே போன் பண்றோம்."

சீட்டைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.